ஒரே லைன், ஒரே ஆள்: பழைய 486-ல் பிபிஎஸ் ஓட்டுவது எப்படி

எங்கள் வீட்டு மாடி அறையில் 486 சிப் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது கூப்பிட்டால் திரையில் முதலில் ரிங் என்று வரும், அப்புறம் கனெக்ட், அப்புறம் வந்தவர் தன் பெயரைத் தட்டுவது எழுத்து எழுத்தாக எனக்கு இங்கே தெரியும். அவர் போகும்வரை வேறு யாரும் உள்ளே வர முடியாது. இதுதான் புல்லட்டின் போர்டு சிஸ்டம், சுருக்கமாக பிபிஎஸ். செங்கோட்டையில் இருந்துகொண்டு இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேரள எல்லை ஊரான ஆரியங்காவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிலர் கேட்டுவிட்டார்கள், அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1978 ஜனவரியில் சிகாகோவில் பெரிய பனிப்புயல். வீட்டுக்குள் அடைபட்ட வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சேர்ந்து, கிளப் அறிவிப்புப் பலகையில் சீட்டு குத்துவதைப்போல கம்ப்யூட்டரில் செய்தி விட்டுப்போக ஒரு ஏற்பாடு செய்தார்கள். பிப்ரவரி 16-ம் தேதி அது பொதுவில் திறந்தது. ஒரு போன் லைன், கம்ப்யூட்டரின் எழுத்தை போன் சத்தமாக மாற்றும் ஒரு மோடம், ஒரு கம்ப்யூட்டர். ஒருவர் கூப்பிடுவார், படிப்பார், எழுதுவார், வைத்துவிடுவார், அடுத்தவர் வருவார். நம் நாட்டில் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15-ல். அதற்கு முன்பே பெரிய நகரங்களில் சிலர் வீட்டில் பிபிஎஸ் வைத்து ஓட்டினார்கள்.

இன்றைக்கு நவீன லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் நூறு பேரை உள்ளே விடும் பிபிஎஸ்ஸை அரைமணி நேரத்தில் நிறுவிவிடலாம். நான் அதைச் சொல்லப்போவதில்லை. ஒரே லைன் வையுங்கள். நமக்கு முன்னால் ஒருவர் இருந்துவிட்டுப் போனார், நமக்குப் பின்னால் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரியும்போது ஆட்கள் எழுதுவதே வேறு மாதிரி இருக்கிறது, இதை நான் பல மாதங்களாகப் பார்க்கிறேன்.

எந்தப் பெட்டி வாங்குவது

386 அல்லது 486, டாஸ் என்ற பழைய இயக்க மென்பொருள் ஓடுகிற ஒன்று. கமடோர் 64-ல் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், ஆனால் நம் பக்கம் அது கிடைப்பது அபூர்வம், உதிரிப் பாகம் அதைவிட அபூர்வம். 486 பழைய இரும்புக் கடையில் இன்னும் கண்ணில் படுகிறது. இந்தப் பக்கம் காயலான் கடை, மலை தாண்டினால் ஆக்ரி கடை, பெயர்தான் வேறு, குவியல் ஒன்றுதான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களை மூடியபோது போட்டவை, கூட்டுறவு சங்கங்கள் கழித்தவை. என் பெட்டி புனலூரில் கிடைத்தது. கடைக்கார சேட்டன் எடை போட்டுத்தான் கொடுத்தார், நான் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நம் ஊர் அண்ணாச்சி பார்த்துவிட்டு, “தம்பி, இதுல செம்புகூட கம்மிய்யா, இத எதுக்குச் சொமந்துட்டு வந்தே?” என்று கேட்டார்.

வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று. கீபோர்டு சாக்கெட் உடையாமல் இருக்கிறதா, மோடத்தைச் சொருகும் சீரியல் போர்ட் இருக்கிறதா, மதர்போர்டில் பேட்டரி இருக்கும் இடம் பச்சை பிடித்திருக்கிறதா. பின்பக்கம் 9 ஊசி துருத்திக்கொண்டிருப்பது சீரியல். 25 ஊசி துருத்திக்கொண்டிருந்தாலும் சீரியல்தான். 25 ஓட்டை மட்டும் இருந்தால் அது பிரிண்டர் போர்ட், அதில் மோடத்தைச் சொருகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கரண்ட் கொடுத்துப் பார்க்கக் கை பரபரக்கும். கொடுக்காதீர்கள். முதலில் மூடியைக் கழற்றி, சாம்பிராணிப் புகை மாதிரி கிளம்பும் தூசியை வெளியே வைத்து ஊதுங்கள். பவர் சப்ளையின் பின்னால் சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி 115-ல் இருக்கும், அப்படியே சொருகினால் வெடிச்சத்தத்தோடு கதை முடிந்தது. அப்புறம் பி8, பி9 என்று மதர்போர்டுக்குப் போகும் இரண்டு கனெக்டர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சொருக வேண்டியவை, மாற்றிச் சொருகினாலும் உள்ளே போய்விடும், போர்டு செத்துவிடும். கறுப்பு ஒயர்கள் இரண்டு கனெக்டரிலும் நடுவில், ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். கறுப்போடு கறுப்பு. ஸ்விட்ச் போடும் முன் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டே சொல்லிப் பாருங்கள்.

பழைய டியூப் மானிட்டரை மட்டும் திறக்கவே வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

பேட்டரி

இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் 486 போர்டுகளில் பெரும்பாலானவை சாவது இதனால்தான். சுண்டுவிரல் நுனி அளவில் நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ ஒரு உருளை போர்டில் பற்றவைத்திருக்கும், 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம். நேரமும் டிஸ்க் விவரமும் நினைவில் நிற்பதற்காக வைத்தது. இருபது முப்பது வருடத்தில் அது கசிந்து, கசிந்த காரம் செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் அலமாரிக்குள் இருக்கும் துணியே ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில் இந்த அரிப்பு இன்னும் வேகமாக ஓடுகிறது. என் போர்டில் கீபோர்டு சாக்கெட் வரை பச்சைப்பாசி மாதிரி படர்ந்திருந்தது.

முதல் வேலை, பேட்டரியைக் கட்டரால் வெட்டி எடுத்துவிடுங்கள், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் சரி. கசிந்தது காரம் என்பதால் அதற்கு மாற்று அமிலம். சமையலறை வினிகரே போதும். பழைய டூத்பிரஷ்ஷை வினிகரில் தொட்டுத் தேய்த்தால் லேசாக நுரைக்கும், பச்சை கரைந்து உள்ளே செம்பு பளபளவென்று தெரியும். நுரை நின்றபின் தண்ணீரில் கழுவி, அதற்குப் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு, அப்புறம் இரண்டு நாள் காயவிடுங்கள். எங்கள் ஊர் சாரலில் நான் நான்கு நாள் விட்டேன். காய்ந்தபின் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு தடத்தையும் பார்த்து, அறுந்ததை மல்ட்டிமீட்டரில் கண்டுபிடித்து மெல்லிய ஒயரால் பாலம் போட வேண்டும். நான் மூன்று இடத்தில் போட்டேன், அதில் ஒன்று தலைமுடி மாதிரி தடம், கை நடுங்காமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சால்டர் செய்ய வேண்டியிருந்தது. புது பேட்டரி வைக்க வெளியே இழுத்த ஒயரில் சிஆர்2032 ஹோல்டர் போடலாம், ஆனால் இடையில் ஒரு டயோடு கட்டாயம். பழைய போர்டு பேட்டரியை சார்ஜ் செய்யப் பார்க்கும், சிஆர்2032-ஐ சார்ஜ் செய்யக் கூடாது.

டிஸ்க்

பழைய ஹார்டு டிஸ்க்கை நம்ப வேண்டாம். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும், அதை டிஸ்க் இடத்தில் இணைக்கும் ஐடிஇ அடாப்டரும் வாங்கிப் போடுங்கள், சத்தமும் இல்லை, சூடும் இல்லை. கார்டு 512 எம்பி அல்லது அதற்குக் கீழே. பெட்டியைத் தொடக்கி வைக்கும் உள்நிரலான பயாஸ், அந்தக் காலத்தவை பலவற்றுக்கு 504 எம்பிக்கு மேல் தெரியாது: 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார், அதற்குமேல் அதற்கு எண்ணத் தெரியாது. பிபிஎஸ்ஸுக்கு இதுவே மைதானம் மாதிரி இடம். டாஸ் 6.22 போடுங்கள். நிறுவி முடித்ததும் கார்டைக் கழற்றி, லேப்டாப்பில் சொருகி, முழு கார்டையும் ஒரு இமேஜ் ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை இதைச் செய்தால் போதும். மக்கள் எழுதிய செய்திகள் நம்மிடம் ஒப்படைத்தவை, அவை தொலைந்தால் திரும்ப எழுதச் சொல்ல முடியாது.

சீரியல் போர்ட்டும் மோடமும்

டாஸோடு வரும் எம்எஸ்டி என்ற நிரலை ஓட்டி, சீரியல் போர்ட் பக்கத்தில் சிப் பெயரைப் பாருங்கள். 8250 என்று வந்தால் அது ஒரே ஒரு எழுத்தைத்தான் கையில் வைத்திருக்கும். கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த எழுத்து வந்தால் முந்தையது காணாமல் போகும். 16550ஏஎஃப் என்று வந்தால் 16 எழுத்து தாங்கும். முதல் வகை என்றால் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், இரண்டாவது வகை 19200-ல் நிம்மதியாக ஓடும். மவுஸ் முதல் சீரியல் போர்ட்டான காம்1-ல் இருந்தால் மோடம் காம்2-ல். காம்3-ல் போடாதீர்கள், அதுவும் காம்1-ம் கம்ப்யூட்டரின் கவனத்தை அழைக்கும் ஒரே இன்டரப்ட்டைப் பங்கு போடுகின்றன, மவுஸை அசைத்தால் லைன் நின்றுபோகும்.

அடுத்தது, இன்றைய கேள்வி: போன் லைன் எங்கே? செம்புக் கம்பி லைன் இன்னும் உள்ளவர்கள் நிஜ மோடம் வைக்கலாம், ஆனால் கூப்பிடுகிறவரிடமும் மோடம் இருக்க வேண்டுமே. அதனால் நடைமுறையில் வைஃபை மோடம். இஎஸ்பி8266 என்ற சின்ன சிப், அதில் ஜிமோடம் என்ற ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல். கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தால் அது 1980-களின் ஹேய்ஸ் மோடம் மாதிரியே ஏடி கட்டளைகளுக்குப் பதில் சொல்லும், மறுபக்கம் இணையத்தில் டெல்நெட்டாக, அதாவது தூரத்துக் கம்ப்யூட்டரோடு எழுத்தாகப் பேசும் பழைய முறையாக இருக்கும். 486-க்கு வித்தியாசமே தெரியாது.

இங்கே நான் ஒரு சிப்பைக் கொன்றிருக்கிறேன். இஎஸ்பி 3.3 வோல்ட்டில் பேசுவது. பழைய சீரியல் போர்ட் பிளஸ் 12-க்கும் மைனஸ் 12-க்கும் இடையில் ஆடும். நடுவில் மேக்ஸ்3232 சிப் இல்லாமல் நேராக இணைத்தேன், ஒரு நொடியில் போய்விட்டது. மேக்ஸ்3232 வாங்கும்போதும் கவனம்: மலிவாகக் கிடைக்கும் போர்டுகளில் அனுப்பு, வாங்கு, கிரவுண்டு என்று மூன்று கம்பிதான் இருக்கும். அதில் எழுத்து போகும் வரும், ஆனால் கூப்பிட்டவர் லைனை விட்டுப் போனால் அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அவர் போய் ஒரு மணி நேரம் ஆனபின்னும் பிபிஎஸ் அவருக்கு மெனு காட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும், அடுத்தவருக்கு லைன் பிஸி. ஒரே லைன் வைக்கிறவர்களுக்கு இது பெரிய பிரச்சினை. லைன் இருக்கிறதா, அனுப்பலாமா என்பதைச் சொல்லும் டிசிடி, டிடிஆர், ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற நான்கு கம்பிகளும் இணைந்த வைஃபை மோடமாகவே பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, இஎஸ்பி8266-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் அது திறந்திருக்க வேண்டும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். முதலில் டாஸில் ஏதாவது ஒரு டெர்மினல் நிரலைத் திறந்து ஏடி என்று தட்டி என்டர். ஓகே என்று வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஏடிடபிள்யூ என்று தட்டி மேற்கோள் குறிக்குப் பின் வைஃபை பெயரும் கமாவும் கடவுச்சொல்லும். ஏடிஏ6400 என்றால் 6400-ம் போர்ட்டில் (இது சொருகும் போர்ட் இல்லை, இணைய வாசலின் எண்) காது கொடுத்துக் காத்திருக்கும். ஏடிஎஸ்0=1 என்றால் ஒரு ரிங்கில் எடுத்துவிடும். ஏடி&டபிள்யூ என்றால் இதெல்லாம் நினைவில் நிற்கும். ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டு ஓடவில்லை என்றால் எங்கே தப்பு என்று தேடியே ஒரு வாரம் போய்விடும்.

மென்பொருள்

ரெனிகேட், ரிமோட்ஆக்சஸ், டாஸ் காலத்து சிங்க்ரோநெட், இப்படிப் பல உண்டு. நான் ரெனிகேட் வைத்திருக்கிறேன், மெனுவை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்பதால். இதில் பலவற்றுக்கு ஃபாசில் டிரைவர் வேண்டும்: பிபிஎஸ்ஸுக்கும் சீரியல் போர்ட்டுக்கும் இடையில் உட்கார்ந்து எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் சின்ன நிரல். எக்ஸ்00 என்பது நல்லது, டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. வேகத்தைப் பூட்டிவைக்க மறக்காதீர்கள்; பூட்டாவிட்டால் கனெக்ட் செய்தியில் வரும் எண்ணைப் பார்த்து பிபிஎஸ் போர்ட் வேகத்தை மாற்றும், திரை முழுக்கக் கிறுக்கல்.

செய்திப் பகுதிகள் மூன்று போதும். முதலில் நான் பதினாறு திறந்து வைத்தேன், பதினாறும் காலி. காலிப் பகுதியில் முதல் ஆளாக எழுத யாருக்கும் மனம் வராது. இப்போது மூன்று: பொது, பழைய மெஷின், மழை. மழை பகுதிதான் அதிகம் நிறைகிறது, புனலூரில் பிடித்துவிட்டதா, குற்றாலத்தில் தண்ணீர் வந்துவிட்டதா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள்.

வரவேற்புத் திரையில் நேரம் செலவிடுங்கள். டாஸ் எழுத்துத் தொகுதி 437-ல் எழுத்துகளோடு கட்டங்களும் உண்டு: 219 முழுக் கட்டம், 220 கீழ்ப்பாதி, 223 மேல்பாதி. மேல்பாதி கீழ்ப்பாதியைப் பயன்படுத்தினால் 80-க்கு 25 திரை 80-க்கு 50 புள்ளியாக விரியும். நான் கிராஃப் தாளில் பென்சிலால் “வணக்கம்” என்று வரைந்து, ஒவ்வொரு கட்டமாகத் திரையில் போட்டேன். ண-வின் சுழிகள் மட்டும் மூன்று சாயங்காலம் எடுத்தன, சுழிக்கு ஆறு புள்ளி அகலம் கொடுத்த பிறகுதான் ண-வாகத் தெரிந்தது. 2400 வேகத்தில் நொடிக்கு 240 எழுத்து வரும். 24 வரி திரை நிறைய 8 நொடி. 300 வேகத்தில் அதே திரைக்கு 64 நொடி. வாரத்தில் ஒருநாள் 2400-ல் ஓட்டுகிறேன், அந்த வணக்கம் மேலிருந்து கீழே கோலம் மாதிரி விரிவதைப் பார்க்கவே சிலர் வருகிறார்கள்.

தமிழில் எழுத முடியுமா?

டாஸ் திரையில் ஒரு எழுத்துக்கு 8 புள்ளி அகலம்தான். அதில் ஞ-வும் ணை-யும் அடங்காது. டிஎஸ்சிஐஐ போன்ற தமிழுக்கான 8-பிட் குறியீடுகள் 128-க்கு மேல் உள்ள இடத்தை எடுத்துக்கொள்ளும், அங்கேதான் நம் கட்டங்களும் கோடுகளும் இருக்கின்றன. டாஸ் காலத்தில் அரசு நிறுவனமான சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டு என்று தனி அட்டையே போட்டுத்தான் இந்திய எழுத்துகளைத் திரையில் கொண்டுவந்தார்கள். அதனால் செய்திகளை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதச் சொல்லிவிட்டேன். மனசு கேட்கவில்லை, தமிழை இப்படி எழுதுவது எனக்குப் பிடித்த விஷயம் இல்லை.

ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர், எங்கள் தாத்தா தலைமுறை மலையாளம் படித்தவர்கள், எங்களுக்குக் காதால் கேட்டால் புரியும், எழுத்து மட்டும் தெரியாது. ஆரியங்காவு, தென்மலை, புனலூர்க்காரர்களுக்குத் தமிழ் அப்படியே. இங்கே எல்லோரும் ஆங்கில எழுத்தில் எழுதுவதால் அவர்கள் மலையாளத்தில் எழுதுகிறார்கள், நாங்கள் தமிழில் பதில் சொல்கிறோம், மொழிபெயர்ப்பு இல்லாமல் பேச்சு ஓடுகிறது. எல்லையோர ஊர்க்காரர்கள் பிபிஎஸ் வைத்தால் இரண்டு மொழிக்கும் தனித்தனிப் பகுதி பிரிக்காதீர்கள், சந்தையில் பேசுவதுபோல ஒன்றாகவே விடுங்கள்.

வெளியே திறப்பது

ரவுட்டரில் 6400-ம் போர்ட்டை வைஃபை மோடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். டெல்நெட்டின் வழக்கமான 23-ம் போர்ட்டைத் திறக்காதீர்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க 23-ஐயும் 2323-ஐயும் தட்டித்தான் பரவியது, அந்த மாதிரி தட்டல்கள் இன்றும் ஓயவில்லை. நூறு லைன் உள்ளவருக்கு அது கொசுக்கடி. உங்களுக்கு உள்ள ஒரே லைனை ஒரு பாட், அதாவது தானாக ஓடும் நிரல் பிடித்துக்கொண்டால் நிஜ ஆள் உள்ளே வரவே முடியாது. போர்ட்டை மாற்றுவதோடு, நுழைந்ததும் எஸ்கேப் விசையை இரண்டு தடவை அழுத்தச் சொல்லி, பத்து நொடியில் அழுத்தாதவரை வெளியேற்றுங்கள். மோடத்தை ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் தனியாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கூப்பிடுகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: டெல்நெட்டில் எதுவும் மறைவாகப் போவதில்லை, அதனால் வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைக்க வேண்டும்.

போர்ட்டைத் திறந்தும் வெளியிலிருந்து வர முடியவில்லையா? ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால், உங்கள் இணைப்பு நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது, உள்ளே வருகிறவருக்கு வழி கிடையாது. நிலையான ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது மாத வாடகைக்குச் சின்ன சர்வர் எடுத்து, வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் வைத்து அதிலிருந்து சர்வருக்கு எஸ்எஸ்எச் சுரங்கம், அதாவது மறைவான இணைப்பு போடலாம். நான் இரண்டாவது வழியில் இருக்கிறேன்.

கூப்பிடுகிறவர்களுக்கு சிங்க்டெர்ம் என்ற நிரலைச் சொல்லுங்கள். வேறு டெர்மினலில் வந்தால் எழுத்துத் தொகுதியை 437 என்று மாற்றாவிட்டால் கட்டங்கள் எல்லாம் வினோத எழுத்தாகத் தெரியும், நம் மேல்தான் புகார் வரும்.

கரண்ட்டும் இடியும்

என் பெட்டி மானிட்டர் இல்லாமல் 50 வாட் அளவில் எடுக்கிறது, மாதம் 36 யூனிட். மானிட்டரை அணைத்தே வையுங்கள். இன்வெர்ட்டரில் போடுங்கள், செய்தி எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் செய்தி ஃபைல் உடைந்துவிடும். அதிகாலை நான்கு மணிக்கு செய்தி ஃபைல்களைச் சரிபார்த்துச் சுருக்கும்படி ஒரு நிகழ்வை பிபிஎஸ்ஸிலேயே அமைத்துவிடலாம்.

சாரல் மாதங்களைவிட ஐப்பசிதான் எனக்குப் பயம், அந்தப் பக்கம் துலாவர்ஷம் என்பார்கள். மதியம்வரை வெயில், மூன்று மணிக்கு மலைமேல் கறுத்து, அப்புறம் இடி. போன வருடத்துக்கு முந்தின வருடம் நான் கடைக்குப் போயிருந்தபோது ஒரு இடி, ரவுட்டர், பழைய போன் மோடம், அது சொருகியிருந்த சீரியல் கார்டு மூன்றும் ஒன்றாகப் போயின. ஸ்விட்ச்சை அணைத்தால் போதாது, பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்க வேண்டும், போன் லைன் இருந்தால் அதையும். இப்போது வரவேற்புத் திரையில் வணக்கத்துக்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கிறேன்: ஐப்பசி முடியும்வரை மதியம் மூன்றிலிருந்து இரவு ஏழுவரை மூடியிருக்கும், ஏழரைக்கு மேல் கூப்பிடுங்கள்.